கதிர்க்குருவி ஏலம்

என்னிடம் ஒரு நல்ல லென்ஸ் இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும் இடத்தில் நின்றுகொண்டே மேடையில் இருக்கும் மணப்பெண்ணின் கண்ணீரை எடுத்துவிடலாம். உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் பின் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு அப்படி ஒரு லென்ஸ் தேவையே இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஜாமீன்தாரர்கள். அவர்கள் முகத்தை எடுக்க அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டியதில்லை. இருந்தும் வாங்கினேன். வாங்கிய பொருளைச் சும்மா வைத்திருக்க மனசு கேட்காமல் குருவி எடுக்கக் கிளம்பினேன்.

எங்களுக்கு ஆனைமலையன்பட்டியில் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. ‘எங்களுக்கு’ என்று சொல்வது என் மரியாதைக்காக. தோட்டம் என் மனைவி நதியாவுக்கு அவள் அப்பா கொடுத்தது. உரம் வைப்பது, மருந்து அடிப்பது, வியாபாரியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள். நான் பழம் தின்பேன். பழம் இல்லாத காலத்தில் தோட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வேன்.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் பந்தலுக்கு அடியில் நின்று கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இலைக்கூட்டத்துக்குள் ஒரு சின்னக் குருவி புழு பொறுக்குவதைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதுகு மங்கின பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை. இலை எது குருவி எது என்று தெரியாத ஒரு நிறம். எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த லென்ஸுக்கு ஒரு வேலை கொடுத்த சந்தோஷத்தில் படத்தை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என் வினை அங்கே ஆரம்பித்தது.

அந்தக் குழுவின் பெயர் ‘பள்ளத்தாக்குப் பறவை அந்தஸ்து மன்றம்’. தலைவர் பலவேசம், போடியில் ஏலக்காய் வியாபாரி. செயற்குழுவில் பாதிக்கு மேல் அதே வியாபாரம். முதலில் பிளாஸ்டிக் ஒழிப்பு மன்றமாகத்தான் தொடங்கினார்களாம். பிளாஸ்டிக் ஒத்துழைக்காததால் பறவைக்கு மாறிவிட்டார்கள். மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு பறவையும் என்ன நிலையில் இருக்கிறது, கவலைப்பட வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானித்து அறிவிப்பது அவர்கள் வேலை. அப்படித் தீர்மானிக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

படம் போட்ட அன்று மத்தியானமே தொழில்நுட்ப ஆலோசகர் எப்சிபா அம்மா கூப்பிட்டார். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். போனிலும் வகுப்புதான் எடுப்பார். அவர் சொன்னதன் சாரம் இது. நான் எடுத்தது கதிர்க்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து நம் பக்கம் வரும் கதிர்க்குருவிகளில் அண்ணன் தம்பி போல ஒத்திருக்கும் இரண்டு உண்டு. ஒன்று பச்சைக் கதிர்க்குருவி. அது ஏராளமாக இருக்கிறது, அதன் அந்தஸ்து ‘கவலை இல்லை’. இன்னொன்று டைட்லர் கதிர்க்குருவி. மேற்கு இமயத்தில் மட்டும் முட்டையிட்டு, குளிருக்கு நம் மலைக்கு இறங்கி வருவது. எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது, அந்தஸ்து ‘அச்சுறுத்தலை நெருங்கியது’. பச்சைக்கு இறக்கையில் மெல்லிய வெளிர்க்கோடு ஒன்று இருக்கும், கீழ் அலகும் வெளிர். டைட்லருக்குக் கோடு கிடையாது, அலகு நீளமாக, மெலிசாக, கருத்திருக்கும்.

“கோடு இருந்தா பச்சை. கோடு இல்லைன்னா டைட்லர். இல்லாட்டி, கோடு தேஞ்சுபோன பச்சை” என்றார். “உங்க படத்துல அந்த இடத்துல என்ன இருக்கு, தம்பி?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையில் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திராட்சை இலை இருந்தது. அலகு நுனியில் ஒரு புழு இருந்தது. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா தலை குறுக்கே வந்துவிடுவது எனக்கு வழக்கம்தான். ஆனால் அதற்காக யாரும் என்னைப் பாராட்டியதில்லை. எப்சிபா அம்மா பாராட்டினார். அடையாளம் தெரியாதபடி இவ்வளவு துல்லியமாக எடுக்கப்பட்ட படத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார்.

அடுத்த வாரமே தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு என்னைக் கள ஆய்வாளர் ஆக்கினார்கள். கழுத்தில் தொங்கும் அட்டை ஒன்று கொடுத்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்து, குருவியின் அந்தஸ்து முடிவாகும்வரை அது உட்காரும் ஓர் இலையைக்கூடத் தொடமாட்டேன், தொடவும் விடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தேன். தோட்டத்தில் நான் எந்தக் காலத்திலும் ஓர் இலையைத் தொட்டதில்லை என்பதால் சுலபமாக வாயில் வந்துவிட்டது. ‘தொடவும் விடமாட்டேன்’ என்பது எழுதிக் கொடுத்ததில் இல்லை. கைதட்டல் நன்றாக இருந்ததால் நானே சேர்த்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அட்டையைக் கழற்றவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு, சார் ஈ.பி. ஆபீஸா என்று கேட்டார். ஆமாம் என்பது மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் மன்றத்தின் வேன் தோட்டத்துக்குப் போய் ஒரு போர்டை நட்டுவிட்டிருந்தது. மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து: ‘எச்சரிக்கை! அந்தஸ்து நிர்ணயிக்கப்படாத பறவை வசிக்கும் பகுதி. இலை, கொடி, கிளை அகற்றக் கூடாது. மீறினால் நடவடிக்கை.’ நடவடிக்கை எடுப்பது யார் என்று போடவில்லை. அந்தப் போர்டின் பலமே அதுதான்.

நதியா போர்டைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பச்சை, டைட்லர், வெளிர்க்கோடு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் பொறுமையாகக் கேட்டால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

“எல்லாஞ் சரிங்க. கவாத்துக்கு ஆளு வருதே, அதுக்கு என்ன சொல்ல?”

கவாத்து எனக்கு நினைவே இல்லை. திராட்சை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொடியை அதன் போக்கில் விட்டால் இலைதான் வரும், பழம் வராது. தண்ணீரை நிறுத்தி வாடப் போட்டு, இலை முழுக்க உருவி, ஒவ்வொரு குச்சியையும் கணுப் பார்த்து வெட்ட வேண்டும். வெட்டின நாளிலிருந்து நாலு மாதத்தில் பழம். மார்கழி தொடக்கத்தில் வெட்டினால் சித்திரை வெயிலுக்குப் பழம் சந்தைக்குப் போகும். ஒரு மாதம் தள்ளினால் சாரல் பிடித்துக்கொள்ளும், பழுத்த பழம் கொடியிலேயே வெடித்து அழுகும். நதியா வருஷம் முழுக்கச் செய்கிற வேலை எல்லாம் அந்த ஒரு தேதிக்காகத்தான். தண்ணீரை நிறுத்தியாயிற்று. கொடி வாடி, கத்திரிக்குக் காத்திருந்தது.

கவாத்து வெட்டுவது எல்லாராலும் ஆகாது. அதற்கென்று ஆட்கள் கூட்டாக ஊர் ஊராக முறைவைத்து வருவார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவர் அம்மாவாசி மறுநாள் வந்து போர்டுக்கு முன்னால் நின்றார். எழுத்தைப் படிக்கவில்லை. சிவப்பைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

“ஆத்தா, போர்டு நிக்கிற காட்டுல நான் கத்திரி போட மாட்டேன். மேகமலைப் பக்கம் ஒரு கெளைய ஒடிச்ச பயலுக இன்னமும் வாய்தாவுக்கு அலையுறானுக. புதன்கிழம வரைக்கும் இங்கனதான் இருப்போம். அதுக்குள்ள இத எடுத்துட்டா சொல்லு. இல்லைன்னா சுருளிப்பட்டிக்குப் போயிருவோம். திரும்பி வர தை கடைசி ஆயிரும்.”

நதியா பிடுங்கி எறிந்துவிடவா என்று கேட்டாள். நான் மேடையில் உறுதிமொழி எடுத்திருப்பதை எடுத்துச் சொல்லி, அட்டையைக் காட்டினேன். அவள் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

“இதப் போட்டுக்கிட்டுப் போனா உரக்கடையில வரிசையில முன்னால விடுவாகளா?”

விடமாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார் அறைப் பக்கம் போய்விட்டாள். பின்னாலேயே போய், புதன்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வெள்ளாமை போச்சுன்னா எங்கப்பா முகத்துல நான் முழிக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

பலவேசத்துக்குப் போன் போட்டேன். அவர் பதறிவிட்டார். தேவையானால் மன்றம் மின்னல் வேகத்தில் இயங்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கள ஆய்வு, செவ்வாய்க்கிழமை அந்தஸ்துக் கூட்டம் என்று அப்போதே நாள் குறித்தார். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று ராத்திரி சொல்வதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றதும் முதலில் இறங்கியது பிளெக்ஸ். ‘கதிர்க்குருவியே வருக!’ என்று எழுதி, பலவேசம் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வந்திருக்கும் குருவி எது என்று முடிவாகாததால், ஒரு பக்கமும் சாயாமல் மயில் படம் போட்டிருந்தார்கள். பிளெக்ஸைப் பந்தலின் கல்தூணுக்கும் போர்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டினார்கள். அடுத்து மைக் செட் இறங்கியது. பறவை நோக்குவதில் அமைதியின் முக்கியத்துவம் பற்றி இரண்டு பேர் மைக்கில் பேசினார்கள். அவர்கள் பேச ஆரம்பித்த உடனேயே குருவி பந்தலை விட்டுப் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்டது. நான் பார்த்தேன். சொல்லலாம் என்று வாயெடுத்தபோது, கள ஆய்வாளர் விஜயபாண்டி அவர்கள் முன்வரிசையில் அமருமாறு மைக்கில் அழைத்தார்கள். அமர்ந்தேன்.

கடைசியாகப் பலவேசம் பேசினார். வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் தொலைநோக்கி. அதன் மூடியை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.

“சில பேரு கேக்குறாக, ஒரு குருவி எதுன்னு கண்டுபிடிக்க இம்புட்டு நாளான்னு. அவுகளுக்குச் சொல்றேன். இது சாதாரணக் குருவின்னு தெரிஞ்சுபோச்சுன்னா, மன்றத்துக்கு இங்கன வேலை இல்ல. அபூர்வக் குருவின்னு தெரிஞ்சுபோச்சுன்னா கவர்மெண்டுல வந்து எடுத்துக்கிருவாக, அப்பவும் நமக்கு வேலை இல்ல. எதுன்னு தெரியாம இருக்கிற வரைக்குந்தான் மன்றம். அந்தத் தெரியாமையக் கட்டிக் காக்குறதுதான் நம்ம லட்சியம்.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன சொன்னார் என்று புரிந்தபோது தட்டி முடித்திருந்தேன்.

சாப்பாட்டுக்கு முன் அறிவியல் ஆய்வு நடந்தது. இரண்டு குருவிக்கும் குரல் வேறு. ஆகவே குரலை ஸ்பீக்கரில் போட்டால், சொந்தக்காரன் யாரோ அவன் பதில் சொல்வான் என்பது எப்சிபா அம்மாவின் திட்டம். ஒரு குழு பந்தலின் கிழக்கே நின்று டைட்லர் குரலைப் போட்டது. இன்னொரு குழு மேற்கே நின்று பச்சையின் குரலைப் போட்டது. இரண்டு குழுவும் கையில் ரெக்கார்டர் வைத்திருந்தன. நடுவில் அடர்ந்த பந்தல், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கிழக்கே இருந்தவர்களுக்குப் பச்சை தெளிவாகப் பதில் சொன்னது. மேற்கே இருந்தவர்களுக்கு டைட்லர் தெளிவாகப் பதில் சொன்னது. இரண்டு பதிவையும் கேட்ட எப்சிபா அம்மா உணர்ச்சிவசப்பட்டார். இரண்டு இனமும் இந்த ஒரே தோட்டத்தில் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்து ஒற்றுமையாக வாழ்வது உலகத்துக்கே புதிய செய்தி என்றார்.

மேற்குப் பக்க ஸ்பீக்கரைத் தூக்கிப் பிடித்திருந்தவன் நான். எனக்கு உண்மை தெரியும். ஆனால் ‘உலகத்துக்கே’ என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு உண்மையைச் சொல்ல ஒரு தனி மனசு வேண்டும். அது எனக்கு இல்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். வேன் சத்தம் அடங்கியதும் குருவி வாழைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. நதியா எச்சில் இலைகளைக் கூட்டிக்கொண்டே, எது என்று சொல்லிவிட்டார்களா என்று கேட்டாள். இரண்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை அந்தஸ்துக் கூட்டம், போடியில் பலவேசத்தின் ஏலக்காய்க் குடோன் மாடியில். படியேறும்போதே ஏலக்காய் வாசம் மூக்கைத் துளைத்தது. நான் கூட்டம் என்றால் விவாதிப்பார்கள், கை தூக்குவார்கள், தீர்மானம் போடுவார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். அங்கே ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு இருந்தது. ஏலக்காய் ஏலத்தில் மாதிரிச் சரக்கைத் தட்டில் கொட்டி வியாபாரிகள் முன்னால் வைப்பார்கள் அல்லவா, அதே தட்டு. அதில் என் குருவிப் படத்தின் பிரதி ஒன்று கிடந்தது. வியாபாரிகள் கைப்பழக்கத்தில் தட்டைச் சாய்த்தும் குலுக்கியும் பார்த்தார்கள். ஒரு பெரியவர் படத்தை எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டு, ஈரப்பதம் சரியாயிருக்கு என்றார்.

பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக விசாரித்தேன். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் முறையாம். விவாதம் வைத்துப் பார்த்தார்களாம், அடிதடியில் முடிந்ததாம். ஏலம் என்றால் எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு, யாரும் மனஸ்தாபப்பட முடியாது. ஒரு பறவைக்கு யார் அதிகபட்ச அந்தஸ்துக் கேட்கிறாரோ, மன்றத்தின் பட்டியலில் அவர் பெயர் அந்தப் பறவைக்குப் பக்கத்தில் வரும். போன மாதம் மீன்கொத்திக்கு நல்ல போட்டியாம்.

பலவேசம் மணி அடித்தார். “லாட்டு அஞ்சு. ஆனைமலையன்பட்டிச் சரக்கு. கதிர்க்குருவி. ஆரம்ப அந்தஸ்து, கவலை இல்லை.”

எனக்கு வேண்டியது அதுதான். கவலை இல்லை என்று ஆகிவிட்டால் போர்டு போய்விடும், கத்திரி வந்துவிடும். உடனே கையைத் தூக்கி, கவலை இல்லை என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி புதுசு” என்றார் பலவேசம், கூட்டத்தைப் பார்த்து. பிறகு என்னிடம், “ஆரம்பத்தையே கேக்குறதுக்கு ஏலம் எதுக்குப்பா? மேல கேளுங்க.”

முகர்ந்து பார்த்த பெரியவர் ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்றார். கூட்டம் அத்துடன் நின்றிருந்தால் அறிவியலுக்கும் அவர்களுக்கும் ஏதோ ஒரு இடத்தில் சந்திப்பு நடந்திருக்கும். எதிர்வரிசையில் இருந்த சின்னக்கருப்பு என்கிறவருக்கும் பெரியவருக்கும் பழைய மீன்கொத்தித் தகராறு இருந்தது. அவர் தட்டைத் தட்டி, ‘ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது’ என்றார். பெரியவர் விடவில்லை. ‘அழியும் நிலை.’ சின்னக்கருப்பு மீசையைத் தடவிக்கொண்டு, ‘மிக மோசமாக அழியும் நிலை’ என்றார். சபையில் ஒரு முனகல் எழுந்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

அப்போது நதியா போன் செய்தாள். அம்மாவாசி கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது, கடைசி வார்த்தை என்னவென்று கேட்கிறார்கள், பக்கத்திலேயே நிற்கிறார்கள் என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. லைனிலேயே இரு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தலைவரே, இந்த அந்தஸ்தைக் கொஞ்சம் குறைக்க வழி உண்டா என்று கேட்டேன்.

“ஏலத்துல எறங்குமுகம் கெடையாது தம்பி. எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். சின்னக்கருப்பு கேட்டது ஒரு தரம்.”

மிக மோசமாக அழியும் நிலைக்குப் போர்டு எத்தனை நாள் நிற்கும் என்று எப்சிபா அம்மாவைக் கேட்டேன். அவர் வேலி போட வேண்டியிருக்கும் என்றார். வேலிக்குள் தோட்டக்காரர்கள் நுழைவது பற்றித் துணைக்குழு முடிவு செய்யும் என்றார்.

“ரெண்டு தரம்.”

அம்மா, இதற்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதற்கு மேலே ஒன்றுதான் இருக்கிறது, ‘அற்றுப்போனது’ என்றார். அப்படி ஆகிவிட்டால் போர்டு இருக்குமா என்றேன்.

“இல்லாத பறவைக்குப் போர்டு எதுக்குத் தம்பி?”

கையைத் தூக்கினேன். “அற்றுப்போனது!”

சின்னக்கருப்பு தட்டைக் கீழே வைத்தார். அதற்கு மேல் கேட்க அவரிடம் ஒன்றும் இல்லை. பலவேசம் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி மணியை அடித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பலவேசம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“நம்ம மாவட்டத்துல ஒரு பறவை முழுசா அற்றுப்போறது இதுதான் மொதத் தடவ. இம்புட்டு வருசமா மன்றம் நடத்துறேன், இப்படி ஒரு பெருமை கெடைக்கல.”

யாரோ, அற்றுப்போனது பச்சையா டைட்லரா என்று கேட்டார். பலவேசத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, இரங்கல் கூட்டத்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். நான் போனைக் காதில் வைத்து, அம்மாவாசியை இருக்கச் சொல் என்றேன்.

புதன்கிழமை விடியும்போது மன்றத்தின் வேன் வந்து போர்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. பின்னாலேயே கத்திரிகள் வந்தன. சாயங்காலத்துக்குள் பந்தல் மொட்டையாகிவிட்டது. கம்பியும் குச்சியும்தான் மிச்சம், மேலே வானம் முழுசாகத் தெரிந்தது. நதியா பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து ஒவ்வொரு வெட்டையும் பார்த்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. பரவாயில்லை, ஒரு காரியத்தை உருப்படியாகப் பண்ணிட்டீக என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் வாங்கிய பெரிய சான்றிதழ் அதுதான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இரங்கல் கூட்டத்தை, குருவி கடைசியாகக் காணப்பட்ட இடத்தில் நடத்துவதுதான் முறை என்று மன்றம் தீர்மானித்தது. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைப் பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாலை போட்டிருந்தார்கள். அதில் குருவியைவிடத் திராட்சை இலை நன்றாகத் தெரிந்தது. கதிர்க்குருவியைக் கடைசியாகக் கண்ட மனிதர் என்று அறிவித்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நல்ல சரிகை. மார்கழிக் குளிருக்கு இதமாக இருந்தது. எப்சிபா அம்மா, மறைந்த இரு சகோதரர்களின் வேறுபாடுகளை நினைவுகூர்ந்தார். பிறகு பலவேசம் பேசினார்.

“அது உசுரோட இருந்தப்ப நம்மளால அதுக்கு ஒண்ணும் செய்ய முடியல. அந்தக் கொறை இன்னைக்கித் தீந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சு, கண்ண மூடி, ஒரு நிமிசம் மவுனமா இருங்க.”

எழுந்தோம். கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். மூடினவன் சும்மா இருக்கவில்லை, மற்றவர்கள் ஒழுங்காக மூடியிருக்கிறார்களா என்று பார்க்கத் திறந்தேன்.

பலவேசத்தின் தலைக்கு மேலே, பந்தல் கம்பியில், அது உட்கார்ந்திருந்தது. மறைவதற்கு ஓர் இலை இல்லை. வெயில் நேராக விழுந்தது. நாங்கள் வேன் வைத்தும் ஸ்பீக்கர் வைத்தும் தேடியது அத்தனையும் ஒரு முழம் தூரத்தில் பட்டப்பகலில் இருந்தது. இறக்கையில் கோடு இல்லை. தேய்ந்த கோட்டின் தடம்கூட இல்லை. அலகு நீளமாக, மெலிசாக, கருத்து இருந்தது. வாயில் புழுவும் இல்லை. அது டைட்லர்தான். இமயத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, இலை உருவிய கம்பியில் புழு தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குச்சியாகத் தாவிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகை வந்தது. அந்தக் கூட்டத்தில் நிஜமாக அழுதவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறந்தால் போதும், எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

காபித் தட்டோடு வந்த நதியா என் பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளும் மேலே பார்த்தாள்.

“ஏங்க, அந்தா கம்பியில உக்காந்திருக்கே, அதுதான?” என்று காதருகே கேட்டாள்.

“ஆமா.”

“அப்ப இவுகளக் கண்ணத் தெறந்து பாக்கச் சொல்லுங்க. பாவம், பறந்து போயிரப் போகுது.”

நழுவிக்கொண்டிருந்த பொன்னாடையை இழுத்துச் சரியாகப் போர்த்திக்கொண்டேன்.

“சும்மா இரு” என்றேன். “அஞ்சலி முடியட்டும்.”